மஹய்யாவவில் முடியாத வருசம்

மனைவி சுகிர்தா இறந்த நாளிலிருந்து மஹய்யாவவில் ஜீவன் வீட்டுக் காற்றுக்கு வயது ஏறவில்லை. கண்டியின் மற்ற இடங்களில் காற்று ஆண்டுக்கு ஆண்டு மாறியது; பெற்றோல் விலையும் மாறியது. இந்த ஒரு வீட்டிலும் அதன் பின்முற்றத்துத் தேக்கிலும் மட்டும் அந்த வருசமே நின்றது.

அது தெரியவந்ததற்கு அவன் அத்தை, சுகிர்தாவின் அம்மாதான் காரணம். ஜீவன் ஹந்தானை மலைமேல் உள்ள காற்று அளவை நிலையத்தில் உதவியாளன். அங்கே ஒரு தட்டில் காரக் கரைசலை ஊற்றி இரண்டு கிழமை திறந்து வைப்பார்கள். அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் குடித்துக்கொள்ளும். போத்தலில் அடைத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் அதில் கதிர்வீசும் காபனான கதிர்க்காபன் எவ்வளவு என்று சொல்வார்கள். அறுபதுகள்வரை வெடித்த அணுகுண்டுகள் காற்றில் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. பிறகு கடலும் காடும் வாங்கிக்கொள்ள, கதிர்க்காபன் இல்லாத பெற்றோல் புகை மிச்சத்தை நீர்க்கச் செய்ய, குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே ஒவ்வொரு வருசக் காற்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. மரம் அதைத் தன் வளையத்தில் பூட்டி வைக்கும்.

டெங்கு வந்து காய்ச்சல் விட்ட காலையில், சுகமாகிவிட்டது என்று சுகிர்தா பச்சைச் சேலை ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அந்தியில் இறந்தாள். அவளுடைய அம்மா அழகம்மா மருமகனுக்குச் சோறாக்க அங்கேயே தங்கினாள். சாவு விழுந்த வீட்டார் வருசம் முடியும்வரை மலைக்கோயில் ஏறக்கூடாது என்றாள். ஹந்தானை நிலையத்தில் கோயில் இல்லையே என்று ஜீவன் சொல்லிப் பார்த்தான்.

"மலைன்னா மலைதான் மாப்ள. மேல கோயில் இருக்கா, ஆபிஸ் இருக்கான்னு காலுக்குத் தெரியுமா?"

வாதாட அவனுக்குத் தெம்பில்லை. மலைத் தட்டைக் கூட வேலை செய்யும் அஹ்னாப் பார்த்துக்கொண்டான். ஜீவன் நகரக் காற்று என்று சொல்லி இரண்டாவது தட்டொன்றைத் தேக்கின் அடியில் வைத்தான்.

மலைக் காற்றின் அளவு மெல்ல இறங்கியது. வீட்டுக் காற்றின் அளவு அசையவில்லை. பழைய போத்தலையே திரும்ப அனுப்புகிறீர்களா என்று ஆய்வுகூடம் கேட்டது. "மச்சான், ஒங்கட வீட்டுக் காத்துக்கு என்ன வருத்தம்?" என்று அஹ்னாப் துளைகருவியோடு வந்து தேக்கிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு துண்டு உருவி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினான். மரம் இலை உதிர்த்துத் துளிர்த்திருந்தது. கடைசி வளையம் மட்டும் சேலை துவைத்த வருசத்ததாகவே இருந்தது. சேலையும் காயவில்லை. சோறு வழக்கம்போல் வெந்தது. திகனயிலிருந்து வெற்றிலை வியாபாரி பளீல் வந்தார். "தம்பி, ஒங்கட வூட்டுல வெத்தில வாடாதாமே? ரெண்டு கட்டு வெச்சிட்டுப் போறன்." வைத்துவிட்டுப் போனார். வாடவில்லை.

பஞ்சாங்கப்படி வருசம் திரும்பியது. தலைத் திவசத்துக்கு அழகம்மா சுகிர்தாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டாள். காகங்கள் மதிலில் வரிசையாக உட்கார்ந்து, அப்போதுதான் பிணம் எடுத்த வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. அடுத்த வருசமும் அப்படியே. அழகம்மா அன்றிலிருந்து ராச்சோறு சாப்பிடுவதை விட்டாள். "எம்புள்ள ரெண்டு வருசமாப் பட்டினி. நான் மட்டும் எப்படித் திங்கிறது?"

ஜீவன் தன் மூச்சைக் கரைசலில் ஊதி அனுப்பினான். அதுவும் அந்த வருசத்ததாகவே வந்தது. மூச்சில் வெளிவருவது தின்ற சோற்றின் காபன்; அவன் தின்றதோ இந்த வருசத்து அரிசி. காற்று தன்னைப் பிடித்திருக்கிறதா, தான் காற்றைப் பிடித்திருக்கிறானா என்று அவனுக்கு விளங்கவில்லை. வருசம் முடியாவிட்டால் அவள் செத்து ஒரு வருசம் ஆகவில்லை என்று அர்த்தம். அதற்குச் சந்தோசப்படுவதா என்றும் தெரியவில்லை. அத்தை மெலிந்துகொண்டே போனாள்.

மூன்றாவது திவசத்தன்று அடுப்படியில் கரண்டியோடு நின்ற அழகம்மா கேட்டாள்: "மலையில வருசம் ஒழுங்கா போவுதுன்னு சொன்னீங்கள்ல?"

"போவுது அத்த."

"அப்ப இலைய எடுங்க. போவோம்."

"வருசம் முடியாம மலை ஏறக்கூடாதுன்னு நீங்கதானே..."

"ஏறுனாத்தான மாப்ள முடியும்!"

வாடாத வெற்றிலையில் ஒரு பிடியும் எடுத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் போனார்கள். வண்டி போகாத இடத்திலிருந்து அத்தை சட்டியைத் தலையில் வைத்து ஏறினாள். சேலையையும் ஜீவன் பையில் கொண்டுவந்திருந்தான். முதல் வளைவில் அதன் ஓரம் காயத் தொடங்குவது விரலுக்குத் தெரிந்தது. அத்தையை நிற்கச் சொல்லி, இறங்கி வண்டியில் வீட்டுக்குப் போய், மறுபடி கொடியில் போட்டுவிட்டு வந்தான். மேலே இலை விரித்ததும் வெற்றிலை கறுத்துச் சுருண்டது. கூப்பிடுவதற்குள் காகம் வந்து பெரிய கவளமாக எடுத்தது. அன்றிரவு அழகம்மா இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு திவசம் ஹந்தானையில் நடக்கிறது. அந்த வருசக் காற்று உலகில் வேறெங்கும் திறந்து கிடைக்காததால், ஒப்பிட்டுப் பார்க்க உதவும், தொடர்ந்து அனுப்புங்கள் என்று ஆய்வுகூடம் சொல்லிவிட்டது. பளீல் இப்போது கறிவேப்பிலையும் கொண்டுவருகிறார். மழை வரும்போல் இருந்தால் அழகம்மா கொடிக்குப் போய் சேலையைத் தொட்டுப் பார்த்து, அதை மட்டும் விட்டுவிட்டு மற்றத் துணிகளை எடுத்து வருகிறாள்.

"இன்னும் ஈரந்தான், மாப்ள."

"இருக்கட்டும் அத்த."