கிளிம் புர்மாதவின் வலது முழங்கால்

1993 மே மாதம் எட்டாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டே முக்காலுக்கு, சோஸ்னகாம்ஸ்க் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன் கிளிம் புர்மாதவின் வலது முழங்காலில் மரத்துப்போகும் ஊசி போடப்பட்டது. சரியாக மூன்று மணிக்கு, காகித ஆலையில் தாள் பிரிக்கும் கூடத்தில் நின்றுகொண்டிருந்த அவன் மனைவி ராயிசா வலது காலை நொண்ட ஆரம்பித்தாள். ஐந்து மணிக்கு நொண்டுவது நின்றது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. ஆலை மருத்துவமனையில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அணியின் மருத்துவர் எமில் கார்லோவிச்தான் உண்மையைச் சொன்னார். "ஊசி போட்டா வலி செத்துப்போகும்னு யாரும்மா சொன்னது? வெளியே போகும், அவ்வளவுதான். வெளியே போனது எங்கேயாவது நிக்கணும் இல்லையா?"

கிளிம் இதைக் கேட்டு வெட்கப்பட்டான். தன் சாமானை அடுத்தவர் வீட்டில் போட்டுவைக்கிற ஆள் இல்லை அவன். அன்றிலிருந்து ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் குளிக்கப் போக, அவன் மட்டும் உடைமாற்றும் அறையில் காலை நீட்டி உட்கார்ந்து வலிக்காகக் காத்திருப்பான். மருந்து இறங்கும் நேரத்துக்கு அது வரும்; கூப்பிட்டுப் பழகியபின் கூப்பிடாமல் ஏறாது. "வா" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லுவான், வலி முழங்காலில் ஏறிக்கொள்ளும். வெளியூர் ஆட்டமானால் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கூப்பிடுவான். ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் விட்டதில்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் பிற்பாடு எங்கள் ஊரில் அவனைத் திருடன் என்றார்கள்.

வருஷம் போகப் போக ஒரு ஊசி இரண்டானது, இரண்டு நான்கானது, நான்கு ஐந்தானது. ஒரு பெண்பிள்ளையின் காலில் அத்தனை வலிக்கு இடம் போதவில்லை. 1995இல் அவர்கள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டிடம் முழுவதும் சனிக்கிழமை மூன்று மணிக்கு நொண்டியது. 1997க்குள் ரயில்வே கேட்டிலிருந்து காமா ஆற்றுப் பாலம் வரைக்கும் ஊர் மொத்தமும் நொண்டியது. பாலத்தைத் தாண்டி அது போகவில்லை. டிராம் ஓட்டுகிறவள் இடது காலால் மணியடித்தாள். கோயிலில் பாதிரியார் தூபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நாற்காலி கேட்டார். கல்யாணங்களை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். அந்த வருஷம் உருளைக்கிழங்கு விளைச்சல் சுமார்.

வானொலியில் எங்கள் பிரிவு ஆட்டங்களைச் சொல்லமாட்டார்கள். தேவைப்படவும் இல்லை. த்யுமேன் நகரத்தில் அவன் எகிறித் தலையால் முட்டினால் இங்கே முழங்காலில் சுருக்கென்று ஒன்று வரும். சறுக்கித் தடுத்தால் நீளமாக இழுக்கும். சந்தையில் முட்டைக்கோஸ் விற்கிறவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஆட்டத்தைச் சொல்லிவிடுவார்கள். "ஆ! இப்ப ஒருத்தனைச் சாய்ச்சுட்டான் பாரு, நம்ம ஆளு!" இதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை! எட்டாவது வருஷம் ஆலைப் பத்திரிகையில் இயக்குநர் போல்தீரெவ் "பதினொரு பேர் இல்லை, ஊரே மைதானத்தில் நிற்கிறது" என்று எழுதினார். அவர் வீடு ஆற்றுக்கு அந்தக் கரையில். அணி அவருடையது, ஆலை அவருடையது, ஆட்டத்தை மட்டும் மாடியில் தொலைநோக்கி வைத்துப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு அதுவரை ஒரு நாள், ஒரு நிமிஷம் முழங்கால் வலித்ததில்லை. அவர் எழுதியதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டோம். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த முழங்காலை அறுவைசிகிச்சை செய்து சரிசெய்திருக்கலாம். எகாத்தெரின்பூர்கில் ஒரு நிபுணர் பார்த்துவிட்டு நான்கு மாதம் ஓய்வு என்றார். நிர்வாகம் ஆட்டப் பருவம் முடியட்டும் என்றது. பருவம் முடிந்ததும் அடுத்த பருவத்துக்குப் பயிற்சி தொடங்கிவிடும். பயிற்சியாளருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை, "தாங்கு!" கடைசிப் பத்து நிமிஷம் கோட்டோரம் நின்று தொண்டை கிழிய அதையேதான் கத்துவார். 2001 வசந்தத்தில் ராயிசா நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள், புர்மாதவைச் சிகிச்சைக்கு விடுங்கள், ஊர் கேட்கிறது என்று. அதை எடுத்துக்கொண்டு ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் மேஜை மேஜையாக வந்தாள். கொதிகலன் பிரிவுக்காரர்கள் நாங்கள் எட்டுப் பேர் முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தோம்.

"கையெழுத்துப் போடுங்க. அவர் காலு போயிட்டிருக்கு."

"ஏன் ராயா, எங்களுக்கு வலிக்கலைன்னா நினைச்சே?" என்றார் எங்கள் மேஸ்திரி ஃப்ரோல் நிகீதிச். நிஜமாகவே மனம் புண்பட்டுவிட்டது அவருக்கு. "ஊரே சேர்ந்து தாங்கிக்கிறோம். ஒரு வார்த்தை முனகியிருக்கோமா?"

"நீங்க வலியத்தான் தாங்கறீங்க. எலும்பு அவரோடது. அது தேயுது."

"தேய்ஞ்சா எங்களுக்குத் தெரியாதா? எங்க முழங்கால்லதானே இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையெழுத்துப் போடவில்லை. முனகாமல் தாங்குவதற்குப் பெயர் அன்பு என்று பிறந்ததிலிருந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதைத் தாண்டி எதுவும் எங்கள் மண்டையில் ஏறவில்லை. ஒரு மனிதனின் வலியை வாங்கிக்கொண்டே அவன் காலைத் தின்றுகொண்டிருந்தோம். அந்தக் காகிதத்தில் மொத்தம் இரண்டு கையெழுத்து, ஒன்று அவளுடையது, ஒன்று மருத்துவருடையது.

அக்டோபர் இருபதாம் தேதி கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் பிரிவு. காலையிலேயே எமில் கார்லோவிச் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இன்னும் ஒரு ஆட்டம் ஆடினால் இந்தக் காலால் படியேற முடியாது என்று கிளிமிடம் சொல்லிவிட்டார். இரண்டே முக்காலுக்கு வழக்கம்போல ஐந்து ஊசி. உரையாற்றுவதற்காகப் போல்தீரெவே அன்று ஆற்றைக் கடந்து உடைமாற்றும் அறைக்கு வந்திருந்தார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ராயிசா உள்ளே வந்தாள். எங்கள் அணியில் உடைமாற்றும் அறைக்குள் பெண் வந்தால் ஆகாது. அவள் கையில் பெட்டி வேறு.

"மூணு இருபதுக்கு எகாத்தெரின்பூர்க் வண்டி," என்றாள். "திங்கட்கிழமை காலையில ஆபரேஷன். நீ வரியா, நான் மட்டும் போயி டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டுமா?"

கிளிம் அவளைப் பார்த்தான், காலணியைப் பார்த்தான். ஏழாயிரம் பேர் வெளியே அவன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் கயிற்றை அவிழ்த்தான். பிறகு, வழி நல்லபடியாக அமைய எங்கள் நாட்டில் பயணம் கிளம்புகிற எவனும் செய்வதைச் செய்தான்: பெஞ்சில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டான். ராயிசா பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"உட்காராதீங்கடா! எவனும் உட்காரக் கூடாது!" என்று கத்தினார் போல்தீரெவ். ஆனால் பயணத்துக்கு முன்னால் ஒருவன் உட்கார்ந்துவிட்டால் நின்றுகொண்டிருக்கிற ரஷ்யன் இன்னும் பிறக்கவில்லை. கோல்காப்பாளன் உட்கார்ந்தான், மருத்துவர் உட்கார்ந்தார், பயிற்சியாளர் உட்கார்ந்தார். போல்தீரெவின் கால்களும் அவரைக் கேட்காமல் மடங்கின, பந்துப் பைமேல் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. அந்த ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தவனைத் தடுப்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். "சரி, கடவுள் துணை" என்று பயிற்சியாளரே வாய் தவறிச் சொல்லிவிட்டார். புர்மாதவ் தம்பதி பின்வாசல் வழியாக ஸ்டேஷனுக்குப் போனார்கள், அவன் நேராக நடந்து, அவள் நொண்டிக்கொண்டு. நாங்கள் மூன்றுக்குப் பூஜ்யம் தோற்றோம்.

மற்றதை ரயில்பெட்டிக் கண்காணிப்பாளர் அம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டோம். பாலத்தைத் தாண்டியதும் ராயிசாவுக்குக் கால் சரியாகிவிட்டது. ஐந்து மணிக்கு மருந்து இறங்கியபோது கிளிம் பழக்கதோஷத்தில் காலை எதிர் இருக்கைவரை நீட்டினான், வாயைத் திறந்தான். ராயிசா அவித்த முட்டையை உரித்து உப்புத் தொட்டு அவன் கையில் வைத்து, "கூப்பிடாதே" என்றாள். அவன் ரொம்ப நேரம் அழுதானாம். பிறகு முட்டையைச் சாப்பிட்டான்.

இங்கே நாங்கள் ஐந்தரைவரை காத்திருந்தோம், ஏழுவரை காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமையும் வலித்தது, திங்கட்கிழமையும் வலித்தது. எங்கள் நல்ல காலைக் கொண்டுபோய்விட்டான் என்று அப்போதுதான் அவன் கதவில் திருடன் எனப் பெயின்டால் எழுதினார்கள். எமில் கார்லோவிச் வீட்டுமுன் கூட்டமாகப் போய் நின்றோம். அவர் சன்னலைத் திறந்து, "தாங்கிக்கிறோம்னு சொன்னீங்களே, தாங்குங்க" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார். போல்தீரெவ் அடுத்த வருஷமே ஆலையை விற்றுவிட்டு மாஸ்கோ போனார், நல்ல காலோடு.

வலி இன்னும் இங்கேதான் இருக்கிறது. டிராம்களின் படியைத் தாழ்வாக்கிவிட்டார்கள். இப்போது பிறக்கிற குழந்தைகள் நடக்கப் பழகும்போதே நொண்டித்தான் பழகுகின்றன. எங்கள் அணி பத்து வருஷமாகச் சொந்த மைதானத்தில் தோற்கவில்லை, வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கியதும் நொண்டுகிறார்கள், எங்கள் பையன்களுக்குப் பழகிவிட்டது. போன மாதம் ஃப்ரோல் நிகீதிச் எகாத்தெரின்பூர்க் போய்விட்டு வந்தார். கிளிமைப் பார்த்தாராம். தலை நரைத்துவிட்டதாம். டிராமைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தானாம்.

"நல்லா ஓடினானா?" என்று கேட்டேன்.

"நல்லா ஓடினான்."

அவன் இந்தப் பக்கம் ஒரு தடவைகூட வந்ததில்லை. வந்து மறுபடியும் "வா" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்போமா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. வரிசையில் நின்று வலியைத் திருப்பிக் கொடுத்திருப்போம், நான் முதல் ஆளாக.