கதவு விளிம்பு

இயந்திரக் கைக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. மேலே ஆள் பட்டால் போதும், அப்படியே நின்றுவிடும். கார் கதவுகளுக்கு மெருகு போட வந்தது அது. யாராவது அதன் மணிக்கட்டைப் பிடித்துக் கதவின் மேல் ஒரு தடவை ஓட்டிக் காட்டினால், அதே வழியில், அதே அழுத்தத்தில் நாள் முழுக்கத் தேய்க்கும்.

காட்டும் வேலை மாப்பிள்ளைக்கு வந்தது. மெருகுப் பகுதியில் அவரும் அவர் மனைவியின் அண்ணனும்தான். தொட்டாச்சிணுங்கி தேறிவிட்டால் இருவரில் ஒருவர் டயர் மாட்டப் போக வேண்டும். முதுகுவலிக்காரரான மாப்பிள்ளையால் டயர் தூக்க முடியாது.

கதவு விளிம்பில் பெயிண்ட் மெலிசு. அழுத்தித் தேய்த்தால் உரிந்துவிடும். தெரிந்தே அங்கே அழுத்திக் காட்டிய திருப்தியில் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஒரு விளிம்பும் உரியவில்லை. கதவுகள் பளபளவென்று நின்றன.

"மச்சான், நேத்து சாயங்காலம் அதுகிட்ட நின்னு என்ன பண்ணீங்க?"

"தண்ணி பாட்டில மறந்துட்டேன். எடுத்தேன்."

"தண்ணி பாட்டில். நம்பிட்டேன்."

"பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படி முறைக்கல மாப்ள நீங்க."

"பேச்ச மாத்தாதீங்க. விளிம்புல நான் காட்டினத மாத்துனது யாரு?"

மச்சான் துணியைக் கீழே வைத்தார். "மாத்துற மாதிரி என்னத்தக் காட்டுனீங்க?"

மாப்பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டு, "நல்லா அழுத்தி" என்றார். மச்சான் சட்டைக் கையைச் சுருட்டி மேசைமேல் நீட்டினார்.

"இதான் கதவு. விரல் நுனி விளிம்பு. தேய்ங்க."

மாப்பிள்ளை முழங்கையிலிருந்து அழுத்திக்கொண்டு வந்தார்.

"விளிம்பு வந்தாச்சு. அழுத்துங்க."

"அழுத்திட்டுத்தான இருக்கேன்."

"எங்க? கொசு உக்காந்த மாதிரி இருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்த்தார். விரல் நுனி வந்ததும் கை தன்பாட்டுக்கு லேசானது. இத்தனை வருஷப் பழக்கம் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

அதற்குள் இன்ஜினியர் பெண் வந்துவிட்டாள். "விளிம்பெல்லாம் அருமை சார். காட்டினவரே இங்க இருக்கட்டும்." மச்சான் பக்கம் திரும்பினாள். "நீங்க நாளைலேர்ந்து டயருக்குப் போங்க."

அவள் போனதும் மச்சான் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு, "ஓகோ. இதுக்குத்தான் நல்லா காட்டுனீங்களா?"

"சத்தியமா கெடுக்கத்தான் பாத்தேன் மச்சான்."

"அப்படியா? இதையே வீட்ல என் தங்கச்சிகிட்ட சொல்லுங்க. அவ நம்பட்டும், அப்புறம் நான் நம்புறேன்."