நீட்டாத கை

எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லுக்குச் சாட்சி தேவைப்பட்டதில்லை. ரொட்டிக்கடைக்காரர் தன் மகளை என் மகனுடன் ஜோடியாக ஐஸ் ஸ்கேட்டிங் ஆட அனுப்பத் தயங்கியபோது, நானே அவர் கடைக்குப் போனேன்.

"என் பையன் அவளைக் கீழ விடமாட்டான். அப்படியே விழுந்தாலும் முதல்ல குனியறது அவனாத்தான் இருக்கும். இது எங்க வீட்டு வார்த்தை."

அவர் மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பஞ்சு என்று பெயர். அவ்வளவு லேசான உடம்பு.

நான் துறைமுக எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதுகை வளைக்காமல் நிற்பதால் 'கொடிமரம்' என்பார்கள். எனக்கு எடை முள் காட்டுவதே வேதவாக்கு. இந்த ஆட்டத்திலும் கடினத்துக்குத் தரும் மதிப்பெண்ணைத்தான் மதித்தேன். பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கினால் இவ்வளவு, வீசி எறிந்து, அவள் காற்றில் சுழன்று ஒற்றைக் காலில் இறங்கினால் இவ்வளவு என்று கறாராக விலை இருக்கிறது. கலைக்கும் தனியாக மதிப்பெண் உண்டு. அதைக் கொசுறு என்றே நினைத்திருந்தேன்.

போட்டியன்று ரொட்டிக்கடைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பிள்ளைகளின் முறைக்கு முன்பு நீல உடையணிந்த ஒரு ஜோடி ஆடியது. பெரிய வீச்சு எதுவும் இல்லை.

"பூங்காவுல காத்து வாங்கப் போற மாதிரி இருக்கு," என்றேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார்.

பாதி ஆட்டத்தில் அந்தப் பெண்ணின் கால் தட்டி, ஒரு முழங்கால் பனியில் பட்டது. அவளோடு ஆடிய பையன் நிற்கவில்லை, விலகவும் இல்லை. தானும் அவளருகே மண்டியிட்டுச் சறுக்கி, அவளைச் சுற்றி வந்து, கைகோத்து எழுப்பினான். விழுந்தாளா ஆடினாளா என்றே தெரியவில்லை. தப்பை மூடி மறைக்கத் தெரிந்த பையன் என்று சொல்லிவைத்தேன். இந்த முறை ரொட்டிக்கடைக்காரர் சிரிக்கவில்லை.

அடுத்து எங்கள் பிள்ளைகள். தூக்கியது கல்தூண் மாதிரி ஆடாமல் நின்றது. எனக்கு மார்பு நிமிர்ந்தது. பிறகு அந்த வீச்சு. பஞ்சு உயரே சுழன்றாள். இறங்கும்போது கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, பனித்தளத்தின் ஓரத்துப் பலகைவரை இழுபட்டுப் போனாள். மோதிய சத்தம் மேல் வரிசைவரை கேட்டது.

என் மகன் அவள் பக்கமாகத்தான் வந்தான். வந்தவன் தாண்டிப் போனான். இரு கைகளையும் விரித்து, முகத்தை நடுவர்கள் பக்கம் திருப்பி, புன்னகையோடு வளைந்து போனான். அந்த வளைவு அழகாக இருந்தது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. பஞ்சு தானே எழுந்து, ஒரு கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிப் பிடித்து, பின்னாலிருந்து அவன் கையைப் பற்றினாள்.

விழுந்ததற்குக் கொஞ்சம் கழித்தார்கள். கடினத்தின் விலை அதை ஈடுகட்டியது. முதலிடம். யார் யாரோ என் தோளைத் தட்டினார்கள். "ஜெயிச்சுட்டாங்க ஐயா," என்று ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். அவர் குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உடை மாற்றும் அறையில் பஞ்சு மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பனிமேல் போட்டிருந்த பரிசு மேடைக்குப் போக வேண்டும். ஒரு கையால் ஸ்கேட்டின் கயிற்றை இறுக்க முடியவில்லை. என் மகன் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தான். ஏன் கை கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நின்னா மியூசிக் விட்டுப்போகும்பா. அந்த இடத்துலதான் கலைக்கு மார்க். அவளே எந்திரிப்பா, பழக்கம்தான்."

அந்தப் பெண்ணிடம் போய், எங்கள் வீட்டுப் பிள்ளை செய்தது தவறு என்று தொடங்கினேன்.

"பரவால்ல மாமா," என்றாள், கோபமே இல்லாமல். "அவன் வர்றானான்னு பாக்கறத நான் விட்டு ரொம்ப நாளாச்சு. பாத்தா நேரம்தான் போகுது."

நான் தரையில் மண்டியிட்டேன். முதுகெலும்பு மளுக்கென்றது. கயிற்றை இறுக்கிக் கட்டினேன். கூடவே வந்திருந்த ரொட்டிக்கடைக்காரர் என்னைத் தடுக்கவில்லை.

"ஐயா, அன்னிக்குக் குடுத்தீங்களே ஒரு வார்த்தை, அதத் திருப்பி எடுத்துக்குங்க," என்றார் மெதுவாக. "இனிமே இவ உங்க பையனோட ஆட மாட்டா."

ஓரத்துப் பலகையருகே நின்று பார்த்தேன். பரிசு மேடையில் ஏற என் மகன் தலை குனிந்து பஞ்சுவுக்குக் கை நீட்டினான். கேமராக்கள் மின்னின. அவள் அவனைப் பார்க்காமல் தானே ஏறிக்கொண்டாள்.

"என்ன மரியாதை பாருங்க," என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். "யார் வீட்டுப் பிள்ளை?"

தெரியாது என்றேன்.