தெருக் கட்டணம் வேண்டாம் என்றவர்

தெருக்களைப் பழுதுபார்க்க மாதம் எட்டு டாலரைத் தண்ணீர் பில்லோடு வசூலிக்கலாம் என்று அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரின் நகர மன்ற உறுப்பினர் லோர்னா ஹேக்கட் முன்மொழிந்தார். கருத்துக் கேட்க வீடு வீடாகப் போனவரின் கார், வென்டல் க்ரௌஸ் வீட்டு முன்னால் ஒரு குழியில் இறங்கி டயர் வெடித்தது. கட்டணத்தைக் கடுமையாக எதிர்த்தவர் வென்டல். ஆனாலும் ஜாக்கியோடு வந்தார்.

"குழி உங்களுக்கு ஓட்டுப் போட்ருச்சு போல," என்றபடி சக்கரத்தைக் கழற்றினார். "நான் கட்டுற வரியெல்லாம் எங்கம்மா போகுது?"

"போலீசுக்கும் தீயணைப்புக்குமே சரியாப் போயிருதுங்க. தெருவுக்கு மிஞ்சல. அத நாங்க வெளிப்படையா சொல்லாதது தப்புதான்."

"அத ஊருக்கு முன்னாடி சொல்லுங்க."

மறுநாள் நகர மன்றக் கூட்டத்தில் லோர்னா அதைச் சொல்லத் தொடங்கியதுமே கூச்சல் கிளம்பியது. வென்டல் எழுந்தார்.

"நானும் வேண்டாம்னுதான் சொல்லப்போறேன். மொதல்ல அந்தம்மா பேசி முடிக்கட்டும்."

அரங்கம் அடங்கியது. பிறகு சொன்னபடியே எதிர்த்துப் பேசினார். தீர்மானம் தோற்றது.

வாசலில் லோர்னாவிடம், "தெருவத் தவிர வேற எதுக்கும் இந்தப் பணத்தத் தொடமாட்டோம்னு சட்டத்துலயே போடுங்க. அப்ப நான் சரின்னு சொல்றேன்," என்றார்.

லோர்னா அப்படியே செய்தார். வசந்தத்தில் திருத்திய தீர்மானம் நிறைவேறியது. ஆதரித்து முதலில் பேசியவர் வென்டல்.