உப்புத் தண்ணீர் புகுந்த கமரா

ஹெக்டர் அந்தக் கமராவை மீன் பெட்டிக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தபோது மெற்றில்டா உள்ளே மீன் இருக்கிறது என்றே நினைத்தாள். ஈரச் சாக்குக்குள் கறுப்பாக, கல்லுப் போலக் கனத்த ஒரு கமரா கிடந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் கடல் தண்ணீர் அரைவாசிக்கு நின்று ஆடியது.

“புதுசா வந்தவன் சரியா மூடேல்ல. ரப்பர் வளையத்தில ஒரு தலைமயிர் கிடந்திருக்கு. தண்ணி போக அது காணும்தானே,” என்றார் ஹெக்டர். “ஒஸ்வால்ட், நீ தொட்டாத்தான் இது பிழைக்கும்.”

ஒஸ்வால்ட் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்காகக் கொழும்புத் துறைமுகத்தின் அடியில் திரிந்தவன் அவன். கப்பல்களின் அடித்தகட்டில் வெடிப்பு இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று சுழியோடிகளை இறக்கிப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் ஹெக்டரின் தொழில். இயக்கத்தின் சுழியோடிகள் நீருக்கடியால் வந்து துறைமுகத்தைத் தாக்கிய பிறகு, துறைமுகத்துக்குள் போகும் ஒஸ்வால்டின் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் ஒருவரும் சொல்லவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது. அதற்கு மேல் காரணம் கேட்க அவனும் போகவில்லை. ஆமர் வீதியில் ஒரு சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

“இந்தச் சாமானெல்லாம் துறைமுகத்துக்கு வெளியில வரக்கூடாதெண்டு சொன்னாங்களே அண்ணே,” என்றாள் மெற்றில்டா.

“ஆருக்கும் தெரியாது தங்கச்சி. கொஞ்ச நாளைக்குத்தானே. கடையில குடுத்தா ஆயிரம் கேள்வி வரும்.”

அவர்களுடைய கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவர் ஹெக்டர். அதே கோவிலுக்குப் பூசைக்கு வருகிறவர். அவள் மேசையைத் துடைத்து இடம் விட்டாள்.

ஒஸ்வால்ட் கமராவை உடனே திறக்கவில்லை. ஒரு வாளி நிறைய பைப் தண்ணீர் பிடித்து அதற்குள் தாழ்த்தினான். “உப்புத் தண்ணியோட காத்துப் பட்டுதோ, உள்ளுக்கு எல்லாம் தின்னத் தொடங்கிடும். நல்ல தண்ணிக்குள்ளயே கிடக்கட்டும்,” என்றான். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினான். பிறகு திறந்து, கூழாகிப்போன படச்சுருளை இழுத்தெடுத்தான். சின்னத் திருகாணிகளை வரிசை மாறாமல் ஒரு பீங்கான் தட்டில் அடுக்கினான். காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டில் பல்லுத்தூரிகையைத் தோய்த்து ஒவ்வொரு பல்சக்கரமாகக் கழுவினான். அறை முழுக்க ஆஸ்பத்திரி வாசம். மின்விசிறிக்குக் கீழே துவாயில் காயப்போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

பாஸ் போனதிலிருந்து வீட்டில் சத்தமே போடாத மனிதன், வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடினான். மெற்றில்டாவுக்கு அது பிடித்திருந்தது. அதனாலேயே, எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள் என்று கேட்பதை ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை ஒஸ்வால்ட் வெள்ளவத்தைக்குப் போனான். அங்கே கமரா திருத்தும் நமசிவாயத்திடம் அதே அளவில் ஒரு ரப்பர் வளையம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு றஸ்மியா சுவருக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டாள்.

“மெற்றில்டா, அடுத்த தோட்டத்துக்கு ஆமி வந்தீக்கி. ஊட்டுக்கு ஊடு போறாங்க. ஐசிய எடுத்து வையுங்க.”

அடையாள அட்டை இருந்தது. பொலிஸ் பதிவு இருந்தது. மேசையில் கமராவும் இருந்தது. தண்ணீருக்குள் படம் எடுக்கும் கமரா, மன்னாரில் பிறந்த ஒரு சுழியோடியின் வீட்டில். அவள் அதைப் பெட்டிக்குள் வைத்தாள், எடுத்தாள். அரிசிப் பானைக்குள் வைத்தாள், எடுத்தாள். சுற்றிவளைப்பில் அரிசிப் பானையையும் கொட்டிப் பார்ப்பார்கள். ஒழுங்கையின் மறுமுனையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. காலையில் வெட்டிய மீனின் குடலும் செதிலும் ஒரு பையில் கிடந்தன. கமராவை அதற்குள் புதைத்து, பையைக் கட்டி, சந்தியில் நின்ற மாநகரசபைக் குப்பை லொறியில் கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தாள். வரும்போது நடக்கவே செய்தாள், ஓடவில்லை.

ஆமிக்காரர்கள் வந்தார்கள். ஒருவன் கட்டிலுக்குக் கீழே பார்த்தான். ஒருவன் திருக்குடும்பப் படத்துக்குப் பின்னால் பார்த்தான். “ஹரி,” சரி என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாம் அவ்வளவுதான்.

மத்தியானம் ஒஸ்வால்ட் சிரித்த முகத்தோடு வந்தான். வளையத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். மேசை வெறுமையாக இருந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள்.

“காலமை போக முந்தி ஷட்டர் அடிச்சுப் பாத்தனான்,” என்றான் பிறகு. “வேலை செய்யுது மெற்றி. நல்லா வேலை செய்யுது.”

“நான் என்னத்தைச் செய்யுறது? உங்களைக் கொண்டுபோயிருப்பாங்கள்.”

“ஓம்,” என்றான். “கொண்டுபோயிருப்பாங்கள்.”

அன்று பின்னேரமே ஹெக்டரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். ஹெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “சரி விடு, பாப்பம்,” என்றாராம்.

அடுத்த கிழமை துறைமுகத்தில் சுழியோடும் சாமான்களையெல்லாம் கணக்குப் பார்த்தார்கள். ஒரு கமரா குறைந்தது. அதற்கு மறுநாள் காலை வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது. “கமராவ கோ?” என்று கேட்டார் சார்ஜன். கமரா எங்கே என்பதற்கு அந்த வீட்டில் ஒருவரிடமும் அவர் நம்பக்கூடிய பதில் இல்லை. ஒஸ்வால்ட் களவெடுத்ததாகவும், யாருக்குக் கொடுத்தான் என்று தெரியாதென்றும் ஹெக்டரின் கம்பனி முறைப்பாடு செய்திருந்தது. ஒஸ்வால்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

புதுக்கடை நீதிமன்றத்தில் மெற்றில்டா பிடித்த லோயர் ஒரு சின்ன வயதுப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த மனுசன் வந்து தானே குடுத்தனெண்டு ஒரு சொல் சொன்னாப் போதும் அக்கா,” என்றாள்.

மெற்றில்டா ஹெந்தளைக்கு பஸ் எடுத்தாள். ஹெக்டரின் மனைவி மேபல் கதவைத் திறந்து, முகத்தைப் பார்க்காமல் உள்ளே கூட்டிப்போய் இருத்தி, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“நான் குடுத்தனான் எண்டு சொன்னா நாளைக்கு நானும் உள்ளுக்குத்தான்,” என்றார் ஹெக்டர். “நானும் தமிழன்தானே தங்கச்சி. என்னை நம்பி எத்தினை குடும்பம் சாப்பிடுது? யோசிச்சுப் பார்.”

“அப்ப அவர் கள்ளனா?”

“நான் அப்பிடிச் சொல்லேல்ல.”

“எழுதிக் குடுத்திருக்கிறீங்கள்.”

ஹெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “கமரா இருந்தா நான் ஏதாவது செய்திருப்பன். கமராவைக் குடு, நாளைக்கே வாபஸ் வாங்கிறன். ஆர் எறிஞ்சது? நானா எறிஞ்சனான்?”

 அவள் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தாள். பஸ்ஸில் வத்தளை தாண்டும்வரை அவள் ஹெக்டரைச் சபிக்க முயன்றாள். ஒவ்வொரு தடவையும் அந்த மீன் குடல் பைதான் நினைவுக்கு வந்தது. அவர் செய்தது துரோகம் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை முழுதாக வெறுக்கிற சுகத்தைக்கூட அவர் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்து மறுபடி மழைக்காலம் வந்தபோதுதான் ஒஸ்வால்டை மறியல் சிறையிலிருந்து விட்டார்கள். ஒன்றையும் நிரூபிக்க முடியவில்லை என்று நீதவான் சொன்னார். மன்னிப்புக் கேட்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தவன் கூப்பிட்டால் திரும்பவில்லை. விசாரணையில் இடது காதில் விழுந்த அடிகளில் சவ்வு கிழிந்துபோயிருந்தது. காது டொக்டர், பாஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இனித் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்றார். ஒஸ்வால்ட் தலையாட்டினான்.

சைக்கிள் கடையில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். மறியலில் இருந்துவிட்டு வந்தவனை மற்றக் கடைக்காரரும் வாசலோடு அனுப்பினார்கள். அப்போதுதான் ஹெக்டர் ஆள் அனுப்பினார்: ஹெந்தளையில் புதிதாக ஒரு ஸ்டோர் போட்டிருக்கிறார், சுழியோடிகளின் உடுப்பு, குழாய், கமரா எல்லாம் கழுவித் துடைத்து வைக்க ஒரு ஆள் வேண்டும்.

“போகப்போறீங்களா?” என்று கேட்டாள் மெற்றில்டா.

“வேற ஆர் தருவான்?”

“அவன் முகத்தில எப்பிடி முழிப்பீங்கள்?”

“அவர்தான் என்ர முகத்தில முழிக்க வேணும்,” என்றான் ஒஸ்வால்ட். ஆனால் அதில் கோபம் இருக்கவில்லை. களைப்பு மட்டும் இருந்தது. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை அவனுக்குச் சோற்றுப் பார்சல் கட்டினாள். அவன் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய இடது பக்கம் நின்று, “என்னாலதான் எல்லாம்,” என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. வலது பக்கம் வந்து திரும்பவும் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. அவன் பார்சலை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.