பதினோரு தடவை கடித்த ரொட்டி

அந்தத் தியேட்டருக்குள் நுழைந்ததுமே எனக்குக் குமட்டியது. ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எத்தனையோ அழுக்கைப் பார்த்த மூக்கு இது. அதற்கே அந்த நாற்காலி உறைகளின் வாடை தாங்கவில்லை. மொத்தம் நாற்பது இருக்கை, அதற்கு ஒரு கலைப்படச் சங்கம், அதற்கொரு தாடி வைத்த செயலாளர். அன்றைக்குக் காட்டப்போகும் பழைய படத்தின் இயக்குநரைக் கடவுள் கடவுள் என்று கால்மணி நேரம் அறுத்துத் தள்ளினார்.

எனக்குப் படமா முக்கியம்? அத்தைக்காகத்தான் போனேன். பத்தொன்பது வயதில் அதில் ஒரே ஒரு காட்சியில் நடித்திருக்கிறாள். பசியில் நாயோடு மல்லுக்கட்டி, குப்பைத்தொட்டி ரொட்டியைத் தின்னும் பெண்ணாக. அந்த மகானுக்கு எல்லாம் நிஜமாக வேண்டுமாம். மூன்று நாள் ஊசவைத்த ரொட்டியைப் பதினோரு தடவை கடிக்கவைத்தார். அவள் வாந்தி எடுத்ததையும் விடாமல் படம் பிடித்தார். "டைட்டில்ல உன் பேரு வரும்" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக அத்தை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். படம் வந்த மூன்றாம் நாளே தூக்கிவிட்டார்கள். அந்த ரொட்டியில் கெட்ட வயிறு அப்போதும் சரியாகாமல் படுக்கையில் கிடந்தவள் பார்க்கவேயில்லை. நாற்பத்தொன்பது வருஷம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறாள்.

டைட்டில் ஓடியது. அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். டீ கொடுத்தவர் பேர் வந்தது. நாயின் பேர் தனி வரியில் வந்தது. அத்தையின் பேர் வரவில்லை.

"வேகமா ஓடிருச்சுல்ல? நான்தான் விட்டுட்டேன்போல" என்றாள்.

அவள் திரையில் குனிந்து வாந்தி எடுத்தபோது கைதட்டினார்கள். வாந்திக்குக் கைதட்டுகிற ஜென்மங்களை அன்றுதான் பார்த்தேன். தூ!

படம் முடிந்ததும் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "அந்தப் பொண்ணு நடிகையே இல்ல. தெருவுல கெடந்த பிச்சைக்காரி. பேருகூடக் கெடையாது. அதான் அவ்வளவு நிஜம்!"

அத்தை எழுந்துவிட்டாள். "ஐயா, அது நான்தாங்க. எனக்குப் பேரு இருக்குங்க."

திரையில் தெரிந்த அதே மேலுதட்டுத் தழும்பைப் பார்த்து நம்பிவிட்டார்கள். நம்பாமலே இருந்திருக்கலாம். கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார்கள். ஆளாளுக்குக் கைபேசியைத் தூக்கினார்கள். யாரோ ஒரு கடன்காரன் கேன்டீனிலிருந்து ரொட்டித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அம்மா, அதே கடி, அதே முகம். ஒரே ஒரு தடவை!" என்றார் செயலாளர்.

"வேணாம் அத்தை, வா போலாம்!" என்று கத்தினேன்.

அத்தை அவரைப் பார்த்தாள். "செஞ்சா பேரு சொல்ல விடுவீங்களா?"

"தாராளமா!"

கடித்தாள். அதே முகம் வந்தது, அதே குமட்டல் வந்தது. அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். கைதட்டலில் அந்த அறையே அதிர்ந்தது. அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு பேரைச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். மைக் அதற்குள் செயலாளர் வாய்க்குப் போய்விட்டது. அவர் அடுத்த மாதப் படத்தை அறிவித்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் அத்தை மூன்று தடவை வாய் கொப்பளித்தாள்.

"கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சாடி?"

மேடையை ஒட்டி நின்ற எனக்கே கேட்கவில்லை.

"நல்லா கேட்டுச்சு அத்தை. எல்லாரும் எழுதிக்கிட்டாங்க" என்றேன்.