நல்ல பொண்ணுதான்

எவ்யதாரை வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் பரிதாபப்பட்டு ஏமாந்து போகாதீர்கள்.

போன குளிர்காலத்தில் கல்யாணப் பேச்சுக்காக ஒரே ஒரு தடவை சந்தித்தோம். ஜெருசலேமில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காபிக் கடை. ஆள் மோசமில்லை, பேச்சும் மோசமில்லை. ஆனால் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தான். நறுக்கிய வெள்ளரிக்காய். உப்பைக்கூடத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தான். பரிமாறுகிற பெண் டப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் ‘மன்னிக்கவும், பொருந்தாது’ என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

என்னோடு அதே வீட்டில் தங்கியிருக்கும் ரெனானா அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபிரிட்ஜ் கதவில் நாங்கள் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தோம். நாலு வருஷத்துப் பட்டியல். சந்திப்பின் நடுவே அம்மாவுக்குப் போன் போட்டவன், என் பாவாடை நீளத்தைக் கண்ணால் அளந்தவன், காபி வருவதற்குள் எத்தனை பிள்ளை பெறுவாய் என்று கேட்டவன். கடைசியில் ‘வெள்ளரிக்காய்க்காரன்’ என்று எழுதியது அவள் கைதான்.

இந்த வசந்தத்தில் யாரோ வீட்டில் சபாத் என்னும் ஓய்வுநாள் விருந்தில் அதே ரெனானா அவனைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எமுனா, எவ்யதார் என்னைப் பார்க்கணும்னு கேட்டிருக்கான். உனக்கு ஒண்ணுமில்லையே? இருந்தா இப்பவே சொல்லிடுடி.”

“எனக்கென்னடி? டப்பாவோட வருவான், பாத்துக்கோ.”

ஐந்து தடவை சந்தித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று பாடுவாள். ஒரு நாள் பார்த்தால் பட்டியலின் கடைசி வரியைப் பேனாவால் அடித்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு முப்பத்தொன்று, அவளுக்கு இருபத்தெட்டு. இந்த வீட்டிலிருந்து கல்யாணமாகி முதலில் போக வேண்டியவள் நான் அல்லவா? அவன் எனக்கு வேண்டுமா என்று கேட்டால் தெரியாது. அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவன் அம்மா பாத்யா போன் செய்தாள்.

“நான் எவ்யதாரோட அம்மா பேசறேன் கண்ணு. நீயும் ரெனானாவும் ஒரே வீட்டுல இருக்கீங்களாமே. பொண்ணு எப்படி?”

எங்கள் ஆட்களின் கல்யாண விசாரணைக்கு ஒரு கணக்கு உண்டு. கேட்டால் வாய் வலிக்கப் புகழ வேண்டும். தங்கம், வைரம், தேடினாலும் கிடைக்காத பெண். சுமாரான பெண்ணுக்கே இவ்வளவும் சொல்வோம். இதற்குக் கீழே இறங்கினால் எங்கேயோ கோளாறு என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஆனால் அடுத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசுவது மட்டும் பெரிய பாவம். நான் தப்பாக ஒன்றும் பேசவில்லை.

“நல்ல பொண்ணுதான்” என்றேன்.

அவள் காத்திருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

“அவ்வளவுதானா கண்ணு?”

“ம். நல்ல பொண்ணுதான்.”

“புரியுது. சரிம்மா, ரொம்ப நன்றி.”

அந்த வாரம் எவ்யதாரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. ரெனானா பாடவில்லை. வியாழக்கிழமை மாலை சபாத் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

“என்கிட்ட என்னடி குறை? நீதான் உள்ளதை உள்ளபடி சொல்லுவே. சொல்லேன்.”

“ஒண்ணுமில்லடி” என்று மாவைப் பார்த்துச் சொன்னேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, ரெனானா சமையலறையில் ரொட்டி பின்னிக்கொண்டிருந்தபோது, பாத்யா மறுபடியும் கூப்பிட்டாள்.

“இங்க பாரு கண்ணு, பையன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ‘எமுனா வாயாடிம்மா, அவளே ரெண்டு வார்த்தையோட நிறுத்தியிருக்கான்னா ஏதோ இருக்கு, என்னன்னு கேளு’ங்கறான். சொல்லு, அந்தப் பொண்ணுகிட்ட என்ன இருக்கு?”

“நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? வெள்ளரிக்காயப் பாத்து ஓடிப்போன பொண்ணுதானே நீ!” சிரித்தாள். “அதுக்கு மொதல்நாள் போன்ல, கண்ட கடையில சாப்பிட மாட்டேன், நம்ம முறைப்படி சமைச்சதுன்னு யார் சான்றிதழ் குடுத்திருக்காங்கன்னு பாத்துத்தான் சாப்பிடுவேன்னு அவன்கிட்ட சொன்னியாமே. அவ பசியோட உக்காந்திருக்கக் கூடாதும்மான்னு, வேலையிலேர்ந்து வந்ததும் வராததுமா நம்ம சட்டப்படி காயில தசமபாகம் தனியா எடுத்து வெச்சுட்டு நறுக்கினான். வெள்ளரிக்காய் அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது.”

எனக்காகவா? என் சட்டத்தை நான் மறந்துவிட்டேன், அவன் ஞாபகம் வைத்திருந்தான். நான் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. இப்போது பொறாமை முன்னைவிட அதிகமாயிற்று, அதோடு அழுகையும் வந்தது.

“கண்ணு? இருக்கியா? அவகிட்ட என்னன்னு கேட்டேனே.”

“அவகிட்ட ஒண்ணுமில்லம்மா. என்கிட்டதான் இருக்கு. பொறாமை.”

நான் பேச ஆரம்பித்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் இருந்ததை, நான் சிடுசிடுத்தால் அவள் பாட்டையே பதிலாகத் தருவதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு ஏற்ற பெண் அவள்தான் என்று சொல்ல மனமே வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

நான் முடித்ததும் பாத்யா மெதுவாகக் கேட்டாள்.

“என் தங்கச்சி பையன் ஒருத்தன் இருக்கான் கண்ணு. உன்னைப் பத்தி யார்கிட்ட விசாரிக்கலாம்?”

நாலு வருஷமாக என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள் ஒருத்திதான்.

“ரெனானாகிட்ட” என்றேன்.

“என்னடி, கூப்பிட்டியா?” என்று கேட்டபடி மாவுக் கையோடு அவள் வாசலில் வந்து நின்றாள்.